கடன்பட்ட பதக்கம்

யாழ்ப்பாணத்து வீடுகளில் படிப்பதற்குக் கடன்படுவது பெருமை. விளையாடுவதற்குக் கடன்படுவதோ பேதைமை. எம்மிடையே வேரூன்றிய இவ்வெண்ணத்தை உரைத்துப் பார்ப்பதற்கு, மராட்டியத்துக் கோலேசுவர்க் கிராமத்தில் 1926 இல் பிறந்த மல்லர் கசாபா தாதாசாகேப் ஜாதவின் வரலாறு எனக்குத் துணைநின்றது.

மண்களத்தில் மற்போர் பயின்ற ஜாதவ், 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் மெத்தை விரிப்பின்மேல் பொரவேண்டியவரானார். ரீஸ் கார்டினர் என்னும் அமெரிக்க மல்லர் அங்கு அவருக்குப் பயிற்சியளித்தார். பழகாத தளத்திலும் ஜாதவ் தம் எடைப்பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். நான்காண்டுகளின் பின் ஹெல்சிங்கி செல்லப் போதிய பணமில்லை. அவர் பயின்ற கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் அதிபர் தம் வீட்டை ஈடுவைத்து 7000 ரூபா கொடுத்தார். மாணவன் ஒருவனின் பரீட்சைக்காகவன்று, மற்போருக்காக அவ்வீடு ஈடுவைக்கப்பட்டது என்பதை நாம் ஊன்றி நோக்கவேண்டும்.

எதிராளியின் கால்களையும் பற்றி வீழ்த்த இடந்தரும் பிறீஸ்ரைல் மற்போரில், 57 கிலோகிராம் பிரிவில் ஜாதவ் பொருதார். யப்பானிய மல்லர் இசியியிடம் நெடுநேரம் போராடித் தோற்ற கையோடு, சோவியத் மல்லருடன் பொருமாறு அழைக்கப்பட்டார். இடையில் அரைமணி ஓய்வு விதிப்படி உண்டு; அதனை வலியுறுத்த இந்திய அதிகாரி எவரும் அங்கில்லை. களைத்த உடலோடு களமிறங்கித் தோற்றார். எனினும் வெண்கலம் அவருக்குக் கிடைத்தது. சுதந்திர இந்தியாவின் தனிவீரர் ஒருவர் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. ஊர் திரும்பியவர் மற்போர்களில் வென்ற பணத்தால் அதிபரின் கடனைத் தீர்த்தார் என்பர். 1955 இல் பொலிசில் சேர்ந்து, விளையாட்டுப் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் தம்பி பாடசாலையில் மற்போர் பழகுகிறான். இவ்வரலாற்றை நான் சொல்லக் கேட்ட அப்பா, “சரி, கடைசியில அந்த மனிசனுக்கு என்ன கிடைச்சது?” என்றார். எளிதில் தட்டிவிடக்கூடிய வினாவன்று அது. ஜாதவ் 1984 இல் வீதி விபத்தில் மாண்டார்; அருச்சுனா விருது 2000 இலேயே அவர் பெயருக்கு வந்தது. அப்பாவின் அச்சம் ஆதாரமற்றதன்று.

ஆயினும் அதே ஹெல்சிங்கியில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 17 வயதில் உயரம் பாய்ந்தார். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் பொன்பதக்கம் வென்ற அவர், பின்னர் அமெரிக்காவில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். மைதானம் படிப்பைக் கெடுக்கும் என்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ? ஆனால் எல்லோரும் எதிர்வீரசிங்கமாக இயலாது. கலாநிதியாகாதவனுக்கும் களத்தில் ஓர் இடம் வேண்டும். ஓய்வு மறுக்கப்படும்போது அவனுக்காகப் பேச ஒருவரேனும் வேண்டும். ஜாதவுக்கு வீட்டை ஈடுவைக்க ஓர் அதிபர் இருந்தார். மெத்தையருகே வாய்திறக்க ஒருவரும் இருக்கவில்லை. குறை விளையாட்டினதன்று; அருகில் நிற்கவேண்டியவர்களது.

ஈடுவைக்க என்னிடம் வீடில்லை. மாலையில் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லிப் பெறும் ஊதியத்தில் தம்பியின் போட்டிப் பயணச் செலவை இவ்வாண்டு நான் ஏற்றுள்ளேன். அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை, தடுக்கவுமில்லை.