சாயப்பட்டறையின் உப்பு

திருப்பூரில் என் தந்தையார் ஒரு சிறு சாயப்பட்டறை நடத்தி வந்தார். யான் இக்கல்லூரியிற் பயின்றதும் அதன் வருவாயினாலேயே. ஆதலின், அதனைக் குறித்து எழுதுங்கால் நடுவுநிலையினின்று சிறிது வழுவினும் அன்பர்கள் பொறுத்தருள்க.

வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியிற் கலக்கும் நொய்யலே எங்கள் கழிநீர் வாய்க்காலாயிருந்தது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென எழுப்பிய அணை, சாயநீர்த் தேக்கமாயிற்று. அணைக்குக் கீழே என் தாய்மாமனுக்கு நாலு ஏக்கர் தோட்டம். விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் அவர், "மாப்பிள்ளை, உங்கள் ஊரில் என்ன நிறம் தோய்க்கிறார்கள் என்பதை ஆற்றுநீரே எனக்குச் சொல்லிவிடும்" என்று நகைப்பார். தென்னைகள் குருத்துக் கருகிய பின்னர் அந்நகைப்பும் நின்றது.

பருத்தித் துணியிற் சாயம் பற்றுதற்கு உப்பு இன்றியமையாதது. ஆழ்ந்த நிறமாயின், ஒரு லிட்டர் சாயநீருக்கு 60 கிராமுக்கு மேலும் இடுவர். அவ்வுப்புத் துணியில் தங்குவதன்று. சாயத்தைத் துணியினிடம் செலுத்திவிட்டுத் தான் கழிநீரோடு வெளியேறும். மூட்டை மூட்டையாக விலைகொடுத்து வாங்கியதெல்லாம் ஆற்றுக்கே என்பதை அந்நாளில் நாங்கள் கணக்கிட்டிலோம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிநீரை ஒரு துளியும் வெளிவிடாத நிலையை எய்தும்வரை பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. 700க்கு மேற்பட்டவை அடைபட்டன. தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தந்தையார் பல மாதம் பேரேட்டைப் புரட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அப்போதுதான் உப்புக் கணக்கு அவர் கண்ணிற் பட்டது.

பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் சீர்பெற்றது. அங்கே கழிநீர் நுண்சவ்வுகளின் ஊடே அழுத்தப்பட்டு நன்னீராய்ப் பிரிகிறது; எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி வற்றச்செய்து உப்பைப் படிகமாக எடுக்கின்றனர். நீரில் 100க்கு 90 பங்கிற்கு மேல் பட்டறைக்கே மீள்கிறது. உப்பும் மறுமுறை தொட்டியேறுகிறது. மலிவான காரியமன்று இது. காய்ச்சுதற்கு வேண்டும் எரிபொருளின் செலவே பெரிது. பிரிக்கவொண்ணாத கலப்பு உப்பும் குவியலாய் எஞ்சுகிறது. ஆற்றின் வாயிலை நீதிமன்றம் அடைத்திராவிடின், இச்செலவை என் தந்தையார் தாமாக ஏற்றிருப்பாரென்று சொல்ல யான் துணியேன்.

மீட்ட உப்பை முதன்முதற் கண்ட அன்று, அவர் ஒரு கைப்பிடியைத் தாளில் மடித்துக்கொண்டு மாமன் வீட்டிற்குச் சென்றார். யானும் உடன் சென்றேன். மாமன் அதனை வெயிலிற் பிடித்துப் பார்த்தார்.

"நன்றாய்த்தான் வெளுத்திருக்கிறது, மச்சான். என் கிணற்றில் இருப்பதை எப்போது எடுக்கப் போகிறீர்கள்?"

தந்தையார் விடை கூறாது, அத்தை நீட்டிய மோரை வாங்கிப் பருகினார்.