அங்சானா வேங்கையாகுமா?

பிரிக்பீல்ட்ஸ் ரோட்டோரம் சில காலைகளில் மஞ்சள் விரிப்புப் போட்டாற்போல் பூ கொட்டிக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது அங்சானா. வெயில் காய்ந்து ஒரு மழை பெய்தால், மரங்களெல்லாம் பேசி வைத்தாற்போல் ஒரே நாளில் பூக்கும்; மறுநாள் கொட்டிவிடும்.

என் அம்மா கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். இருபது வருஷமாக இனிப்புநீர். சென்ற வருஷம் யாரோ சொன்னார்கள்: "அங்சானாதான் நம்மூர் வேங்கை. கட்டையை ஊறவைத்துக் குடியுங்கள், மாத்திரையே வேண்டாம்." மாமா, காற்றில் முறிந்த கிளையொன்றைப் பாராங்கால் வெட்டினார். வெட்டுவாயில் சிவப்பாகப் பிசின் கசிந்தது. வெள்ளைப் பாலையே பார்த்துப் பழகிய அம்மா, "ஐயோ, இரத்தமாட்டம் இருக்கே!" என்று பதறினார். ஆனால் கட்டை ஊறிய தண்ணீரில், வெயிலில் பிடித்தால் நீலம் மினுங்கியது. நம்பிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்திய இரண்டாம் வாரம் இனிப்பு 22-க்கு ஏறி, ஆஸ்பத்திரியில் படுத்தார்.

சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை, அதுதான் வினை. இரண்டும் அவரைக் குடும்பத்தில் டெரோகார்ப்பஸ் என்ற ஒரே இனம். கிரேக்க மொழியில் 'சிறகுக் காய்' என்று பொருள். கீழே கிடக்கும் காயை எடுத்துப் பாருங்கள்: காசு மாதிரி வட்டம், நடுவில் விதை, சுற்றிலும் மெல்லிய சிறகு. அவரைபோல் வெடிக்காது, காற்றில் பறக்கும், நீரில் மிதக்கும். ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா என்று வெப்ப நாடுகளில் ஏறக்குறைய நாற்பது வகை உண்டு. ஆந்திர மலைகளின் செம்மரமும் இதில் சேர்த்தி. வேங்கை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அங்சானா நம் பக்கத்து மரம். பிலிப்பைன்ஸின் தேசிய மரமும் அதுவே. கைத்தடிமன் போத்தை நட்டாலே வேர்விடும், அதனால்தான் பட்டணமெங்கும் நிற்கிறது. காட்டிலோ வெட்டி வெட்டிக் குறைந்து, 2018-இல் அழியும் ஆபத்துள்ள மரங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

அண்ணன் தம்பி என்றால் ஒரே ஆளா? இனிப்புநீருக்கென்று இந்தியாவில் ஆராய்ந்தது வேங்கையைத்தான். அந்த வேங்கையானாலும், டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தலாமா?

அம்மா இப்போது ஒழுங்காக மாத்திரை போடுகிறார். அங்சானா பூத்த நாளில் மட்டும் ஒரு கை பொறுக்கி வந்து முருகன் படத்தருகே வைக்கிறார். வள்ளிக்காக வேங்கை மரமாக நின்றவர் அல்லவா அவர்!

"இது வேங்கை இல்லையே அம்மா" என்றேன்.

"தம்பிதானே? அவருக்குத் தெரியும், போ" என்றார்.