பாக்பஜார் ரசகுல்லா

கல்கத்தாவுக்குப் போய் ரசகுல்லா வாங்காமல் திரும்பினால் குழந்தைகள் மன்னிப்பார்களா? எஸ்பிளனேடில் கே. ஸி. தாஸ் கடைக்குள் நுழைந்தோம்.

பாக்பஜாரில் சிறு கடை வைத்திருந்த நவீன் சந்திர தாஸ், பாலைத் திரியவைத்து வடித்த சானாவை உருட்டி, சர்க்கரைப் பாகில் கொதிக்கவிட்டது 1868-ல் என்கிறார்கள் வங்காளிகள். மகன் கிருஷ்ண சந்திரர் காலத்தில், 1930-ல், கே. ஸி. தாஸ் கடை பிறந்தது. ரசகுல்லா டப்பாவில் ஏறி ஊர் ஊராகப் போயிற்று.

பேரன் சாரதா சரணர் காலத்தில் வந்தது சோதனை! 1965-ல் பால் பஞ்சம். சானா இனிப்புக்கே அரசாங்கம் தடை போட்டது. பலகாரக்காரர் வீட்டில் அடுப்பு அணைந்தால் என்ன ஆகும்? ஆனாலும் குடும்பம் தொழிலைக் கைவிடவில்லை. 1972-ல் பெங்களூரிலும் கடை திறந்தது.

"இதை நம் வீட்டில் செய்ய முடியாதா?" என்றாள் அத்தை.

செய்யலாம், அத்தை. தலைமுறை தலைமுறையாகப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்!