தங்கவயலுக்கு இங்கிலீஷ் கொடுத்தது யார்?

பெங்களூரில் யாரிடமாவது சொந்த ஊர் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயல், என்று சொன்னால் போதும். "அதான் இங்கிலீஷ் இப்படி வருது, வெள்ளைக்காரன் இருந்த ஊராச்சே" என்பார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள், எனக்குத்தான் எரிச்சல். அதே வெள்ளைக்காரனிடம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் என் தாத்தா. சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள் தேடியவர்.

அப்படியானால் எங்கள் இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது? தேடலைக் கம்பெனியிலிருந்தே தொடங்கினேன். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபின் பங்களா, கிளப், தேவாலயம், துரைமார் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி என எல்லாம் எழுந்தன. பழைய பள்ளி மலர்களைத் தேடி ராபர்ட்சன்பேட்டை முழுக்க அலைந்தேன். கிடைத்த குழுப் படங்களில் தொழிலாளர் குடியிருந்த லைன் வீட்டுப் பெயர் ஒன்றாவது தென்படுமா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இல்லை. இதில் வியக்க என்ன இருக்கிறது? பூமிக்கடியில் இறங்குகிறவனுக்கு மேஸ்திரி சொல்வது புரிந்தால் போதும். 1930இல் கம்பெனி தொழிலாளர்களிடம் கேட்டதும் கைரேகையைத்தான். அதை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஆண்டர்சன்பேட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். இங்கிலீஷ் பாடம் எடுத்தவர். ஆனால் இங்கிலீஷ் பற்றி வாயைத் திறக்கமாட்டேன் என்றார். நான் பாடப்புத்தகத்தைப் பற்றிக் கேட்டால் அவர் மாரிக்குப்பம் பௌத்த சங்கத்தைப் பற்றிப் பேசினார். இலக்கணம் எப்படி நடத்தினீர்கள் என்றால், சித்தார்த்தா புத்தகசாலை தமிழ்ப் பௌத்த அறிஞர் அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்ட கதை வந்தது. அயோத்திதாசர் 1907இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகை, அவர் மறைந்தபின் நின்றுபோய், 1926இல் அப்பாதுரையார் கையில் இதே தங்கவயலிலிருந்து 'தமிழன்' என்று மறுபடி வந்தது அல்லவா, அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உயர்ந்தது.

"ஐயா, நான் கேட்டது இங்கிலீஷ்" என்றேன்.

"தம்பி, எங்கப்பா ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து சங்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சாரு. தமிழ்ல படிக்கத் தெரிஞ்ச ஆளு, புள்ளைக்கு இன்னொரு பாஷையும் வேணும்னு தானா கேப்பான். அப்புறம்தான் நானு. இன்னா, புரியுதா?"

புரிந்தது, கம்பெனியில் விடை தேடுவதை விட்டேன். அப்படியானால் தமிழில் படித்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் மொத்தமாக இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனது எப்போது, ஏன்? என் சொந்தக்காரர்களைக் கேட்டால் எல்லோரும் சொல்லும் காலம் ஒன்றே: கோகாக் கலவரம். பள்ளிகளில் கன்னடமே முதல்மொழி என்ற 1981ஆம் ஆண்டு அறிக்கையும், நடிகர் ராஜ்குமார் தலைமையில் அதற்காக நடந்த போராட்டமும் வந்தபின், தமிழா கன்னடமா என்ற சண்டைக்குள் பிள்ளையை விடப் பயந்து இங்கிலீஷில் சேர்த்தோம் என்கிறார்கள்.

அந்த அறிக்கையைத் தந்த வி.கே. கோகாக் யார் என்று பார்க்கப் போனேன். கன்னடக் கவிஞர்; தொழிலால் ஆங்கிலப் பேராசிரியர். நாடு முழுவதும் ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க 1958இல் ஐதராபாத்தில் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்தவர்! வெள்ளைக்காரனைத் தேடிப் புறப்பட்டவன் இவரிடம் வந்து நின்றேன்.

வாத்தியாரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"வூட்டு பாஷைய முன்னால வை, இங்கிலீசையும் ஒழுங்கா கத்துக்குடு. அந்த மனுசனும் இதத்தான் செஞ்சிருக்காரு, நாங்களும் இதத்தான் செஞ்சோம். எங்க வூட்டு பாஷை எதுன்னு மட்டும் அவரு கேக்கல."