காற்று பார்த்து நடப்பவர்கள்

முதுமலையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு ரோந்து போவதற்கு முந்தைய நாளே நிபந்தனை வந்துவிட்டது. பவுடர், சென்ட், தலைக்கு எண்ணெய் எதுவும் கூடாது. "சோப்பு வாசமே அரை நாளைக்குப் போகாது சார். யானை தூரத்துலயே பிடிச்சிடும்" என்றார் மூத்த காவலர். குறும்பர் இனத்தவர், காட்டுக்குள்ளேயே வளர்ந்தவர்.

அவர் இடுப்பில் ஒரு சின்னத் துணி முடிச்சு. அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கட்டியது. வழி திரும்பும் இடங்களில் நின்று அதை விரலால் சுண்டுவார். பொடி எழும்பி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த அடி. வெயில் காலத்தில் புழுதியை அள்ளித் தூவினாலே போதுமாம். மழை பெய்து மண் நனைந்துவிட்டால் சாம்பலை விட்டால் வேறு வழியில்லை.

எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் மனித வாடை முழுசாகப் போகாது. அதுவும் யானையிடம் மறைக்கவே முடியாது. ஆப்பிரிக்க யானைக்கு மோப்பத்துக்கான மரபணுக்கள் ஏறக்குறைய 2000 என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நாய்க்கு இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கென்யாவின் அம்போசெலியில், ஈட்டி எறியும் மாசாய் இளைஞர்கள் உடுத்திய துணியின் வாடை பட்டதும் யானைகள் மிரண்டு ஓடின. உழவர்களான கம்பா மக்கள் உடுத்திய துணிக்கு அவ்வளவு மிரளவில்லை.

ஆகவே காற்றைப் படிப்பதுதான் தொழில். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும். வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து மேலே கிளம்பும். யானைக் கணக்கெடுப்பு என்றால் காலையில் மேலே ஏறுகிறார்கள், பகலில் கீழே இறங்குகிறார்கள். இரண்டு வேளையும் காற்று முகத்தில்தான்.

வரிசையில் கடைசியாக வந்த இளைஞர் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆட்கொல்லிப் புலி எதிர்காற்றில்தான் ஆளை அணுகும், மனிதனுக்கும் மோப்பம் உண்டென்று அது நினைக்கிறது என்று வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். முகத்தில் காற்று அடிக்கும்போது முதுகுப் பக்கம்தான் ஆபத்து. வேட்டைக்காரர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கற்ற பாடம் இன்று காவலுக்கு உதவுகிறது.

உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்ததும் கணக்கு தலைகீழானது. பத்தடிக்கு அப்பால் கண் தெரியாத இடம். அங்கே மூத்தவர் வேண்டுமென்றே காற்றுக்கு முதுகு காட்டிச் சுற்றுவழியைப் பிடித்தார். "நம்ம வாடை முன்னாடி போகட்டும். கரடி இருந்தா அதுவே ஒதுங்கிப் போயிடும். திடீர்னு மூஞ்சிக்கு நேரா பார்த்தாத்தான் பாயும்." குட்டியோடு நிற்கும் யானையிடம் மட்டும் இதை நம்பக்கூடாது என்று எச்சரித்தார். வாடை பட்டால் தாய் விலகிப் போகலாம், நேரே வரவும் செய்யலாம்.

இவ்வளவு தெரிந்தவர்களில் பலர் இன்னமும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள். பணி நிரந்தரத்துக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அது தயவு அல்ல. அவர்களுக்குச் சேர வேண்டியது. புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சாம்பல் முடிச்சு கட்டவும் காற்று பார்க்கவும் சொல்லிக்கொடுப்பது இவர்கள்தான்.