ரதத்தின் கீழ் வரிசை விளக்கு ஏன் எரியவில்லை?



தைப்பூசத்தன்று நம்ம கோயில் ரதத்தோட கீழ் வரிசை விளக்குகள் எரியாததைப் பார்த்துப் பலர் கேட்டீங்க. "காசு பத்தலையா?", "பொறுப்புல இருக்கிறவங்க கவனிக்கலையா?" என்று வாட்ஸ்அப் குழுவில் வந்ததையும் படித்தோம். யார் மேலயும் வருத்தம் இல்லை. நடந்ததைச் சொன்னால் ரதம் வைத்திருக்கும் மற்ற கோயில்களுக்கும் உதவும் என்றுதான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாகப் படிங்க.

நம்ம ரதம் இரும்பு டிரெய்லர் மேல் கட்டியது. டிராக்டர் இழுக்கும். அலங்கார விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் ஜெனரேட்டரில் ஓடும். டிரெய்லரின் பின் விளக்கும் சிக்னலும் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும்.

மூன்று வருஷமாக ஒரே தொல்லை. கொட்டகையில் கோயில் லைனில் மாட்டிச் சோதித்தால் சில நாள் இஎல்சிபி ட்ரிப் ஆகும், சில நாள் ஆகாது. ஜெனரேட்டரில் மாட்டினால் ஒன்றுமே ஆகாது, ஜம்முனு எரியும். அதனால் "கோயில் லைன்தான் சரியில்ல, ரதம் நல்லா இருக்கு" என்ற பேச்சு நிலைத்துவிட்டது. இஎல்சிபியை பைபாஸ் பண்ணிடலாம் என்றுகூட ஒருவர் சொன்னார்.

இந்த முறை தொண்டர்கள் நாங்கள் நாலு பேர் ஒரு நோட்டுப்புத்தகம் போட்டோம். ட்ரிப் ஆன தேதி, நேரம், எந்த சுவிட்ச் போட்டிருந்தது, மழையா வெயிலா, எல்லாம் எழுதினோம். ஆறு வாரத்தில் ஒரு விஷயம் தெளிவானது. ரதத்தைக் கழுவிய மறுநாளும் மழை பெய்த மறுநாளும் மட்டும்தான் ட்ரிப் ஆகிறது. வெயில் அடித்தால் தானாகச் சரியாகிவிடுகிறது. அப்படியென்றால் எங்கோ ஈரம் இறங்குகிறது.

பிறகு பதிவு பெற்ற வயர்மேன் அண்ணன் ஒருவரை அழைத்தோம். அவர் முதலில் எல்லா அடாப்டரையும் ஸ்பீக்கரையும் கழற்றச் சொன்னார். மெகர் மீட்டர் 500 வோல்ட் அனுப்பும், மாட்டியிருந்தால் அதெல்லாம் கெட்டுப்போகும். அதன்பின் ஒவ்வொரு வரிசையாகப் பிரித்து, வயருக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் அளந்தார். ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மற்ற வரிசைகள் எல்லாம் நன்றாக இருந்தன. கீழ் வரிசையில் மட்டும் காய்ந்த நிலையிலேயே 0.2. அரை செம்பு தண்ணீர் ஊற்றியதும் 0.01-க்கும் கீழே இறங்கியது.

தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். இரும்பில் ஓட்டை போட்டு, ரப்பர் வளையம் இல்லாமல் வயரை நுழைத்திருந்தார்கள். ரதம் ஆட ஆட, ஓட்டையின் விளிம்பு வயரின் தோலைச் சீவிவிட்டது. பக்கத்தில் ஒரு ஜாயின்ட், வெறும் டேப் சுற்றியது. அதற்குள் அபிஷேகப் பாலும் இளநீரும் இறங்கிக் காய்ந்து பிசுக்காக இருந்தது. அதில் உப்புச்சத்து இருப்பதால் மறுபடி ஈரம் பட்டால் வெறும் தண்ணீரைவிட நன்றாகவே மின்சாரத்தைக் கடத்தும்.

"அப்ப ஜெனரேட்டர்ல மட்டும் ஏன் ட்ரிப் ஆகல அண்ணே?" என்று கேட்டோம். அவர் சொன்னதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும்.

இஎல்சிபி என்ன செய்கிறது? போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று பார்க்கிறது. நம்ம பெட்டியில் இருப்பது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவு வேறு வழியில் கசிந்தால் அணைத்துவிடும். ஒரு 10 வாட் பல்புக்குப் போவதைவிடக் குறைந்த மின்சாரம் அது. ஆனால் மனுஷ நெஞ்சுக்கு ஆபத்தாக அதுவே போதும். கோயில் லைனில் நியூட்ரல் மண்ணோடு இணைந்திருப்பதால் கசிவு மண் வழியாகத் திரும்பப் போகும், இஎல்சிபி கண்டுபிடித்துவிடும். நம்ம ஜெனரேட்டரில் நியூட்ரல் எதோடும் இணைக்கப்படவில்லை. கசிந்தாலும் திரும்ப வழி இல்லை, அதனால் சத்தமே இல்லை. ஆனால் இரும்புச் சட்டம் ஒரு வயரோடு தொட்டுக்கொண்டேதான் இருக்கிறது. இன்னொரு இடத்தில் இரண்டாவது வயரும் கசிந்து, நடுவில் ஒரு ஆள் கை வைத்தால் அவர் வழியாகத்தான் மின்சாரம் போகும்.

கோயில் லைன் மூன்று வருஷமாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் வாயை மூடிக்கொண்டிருந்தது.

தைப்பூசத்துக்கு அப்போது ரெண்டே நாள். முழு வரிசையையும் மாற்ற நேரம் இல்லை. கீழ் வரிசையைத் துண்டித்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். அங்கேதான் சிக்கல். அந்த விளக்குகள் ஒரு உபயதாரர் காலமான தன் அப்பா நினைவாகப் போட்டவை. "எங்கப்பா பேருல போட்டது, சாமி வர்ற அன்னிக்கு எரியாம இருந்தா எப்படிங்க?" என்று அவர் கண் கலங்கிவிட்டார். கமிட்டியிலும் ரெண்டு கருத்து. "இத்தன வருஷம் ஒன்னும் ஆகலையே, முருகன் பாத்துக்குவான்" என்றார்கள்.

நம்ம ஊர் ரத ஊர்வலம் எப்படி என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வீடு ரோட்டில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள், தேங்காய் உடைப்பார்கள், தார் ரோடு முழுக்க ஈரம். அதில் வெறுங்காலோடு பக்தர்கள். பித்தளைத் தட்டோடு வரும் அம்மாமார் ஒரு கையால் ரதத்தைத் தொட்டுக் கும்பிடுவார்கள். அப்பாமார் பிள்ளையைத் தூக்கி ரதத்தில் உட்காரவைத்து விபூதி வாங்குவார்கள்.

நாங்கள் உபயதாரரை வாதாடிச் சம்மதிக்க வைக்கவில்லை. ரதத்துக்கு அடியில் கூட்டிப்போய் டார்ச் அடித்து அந்த வயரைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "என் பேரப்புள்ளைங்க இங்கதான் ஏறி உட்காருங்க... கழட்டிடுங்க தம்பி" என்றார். குருக்கள் ஐயா அந்த இடத்தில் ஒரு அகல் விளக்கு ஏற்றி வைத்தார். மீதி விளக்குகளோடு முருகன் நல்லபடியாக ஊர்வலம் போய் வந்தார்.

இப்போது கீழ் வரிசை முழுக்கப் புது வயர். ஓட்டைகளில் ரப்பர் வளையம், தண்ணீர் புகாத ஜாயின்ட் பெட்டி. வயர்மேன் அண்ணன் ஜெனரேட்டரின் நியூட்ரலைச் சட்டத்தோடு முறையாக இணைத்து, அதற்கென்று தனி இஎல்சிபியும் வைத்துக்கொடுத்தார். இது நாமே கை வைக்கிற வேலை இல்லை, தயவுசெய்து முயற்சி பண்ணாதீங்க.

பின் விளக்கு மினுக்கிய கதை வேறு. பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தது, அது முழு சார்ஜ். ஆனால் விளக்கு எரியும்போது பேட்டரியின் நெகட்டிவுக்கும் விளக்கின் நெகட்டிவுக்கும் நடுவில் அளந்தால் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டிய இடம். டிராக்டரையும் டிரெய்லரையும் மாட்டுகிற கொக்கி வழியாகத்தான் மின்சாரம் திரும்பிக்கொண்டிருந்தது. அங்கே பெயின்ட்டும் துருவும். தனி நெகட்டிவ் வயர் இழுத்ததும் மினுக்கல் நின்றது.

பங்குனி உத்திரம் வருகிறது. ரதம், தண்ணீர்ப் பந்தல் வண்டி, அன்னதான டிரெய்லர் எது வைத்திருந்தாலும் ஊர்வலத்துக்கு ஒரு மாதம் முன்பே சோதித்துவிடுங்க. காய்ந்த நாளில் மட்டும் பார்க்காமல் கழுவிய மறுநாளும் பாருங்க. இஎல்சிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, விழவில்லை என்றால் மாற்றுங்க. ட்ரிப் ஆனால் எழுதி வைங்க. பைபாஸ் என்ற பேச்சை மட்டும் எடுக்கவே வேண்டாம்.

உத்திரத்தன்று கீழ் வரிசை எரியும். முதல் சுவிட்சை அந்த உபயதாரரே போடுவார். எல்லாரும் வாங்க.

வேலும் மயிலும் துணை. 🙏