விருந்து தானாக நிற்கும், மொழி நிற்காது

சிட்னி



நம் அரியலூர், பெரம்பலூர் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பாத ஊர் அரிது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்ச் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பியது ஒரு தலைமுறை. ஜெயங்கொண்டத்திலும் குன்னத்திலும் படித்துவிட்டு ஆஸ்திரேலியா, கனடா என்று குடும்பத்தோடு போய் அங்கேயே வீடு வாங்கிவிடுவது அடுத்த தலைமுறை. அதனால் புதிய கவலை ஒன்று வந்திருக்கிறது: பேரப்பிள்ளை நம்மோடு தமிழில் பேசுமா? இதற்கு விடை தேடத் தமிழர்களை மட்டும் பார்த்தால் போதாது. நமக்கு முன்பே ஆஸ்திரேலியாவுக்கு வந்து, நம்மைவிடக் கடினமான நிலையில் குடியேறிய வியட்நாமியரைப் பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயிலும் சாப்பாடும் பெரும்பாலும் தாமாகவே நிலைத்துவிடும். மொழியும் அதோடு வரும் உறவும் யாராவது வேலை மெனக்கெட்டு நிறுத்தினால்தான் நிற்கும்.

1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 8 லட்சம் வியட்நாமியர் படகில் தப்பிப் பிற நாடுகளின் கரையை அடைந்தார்கள். கடலிலேயே மாண்டவர்கள் ஏராளம். மலேசியாவின் பிடோங் தீவு போன்ற முகாம்களில் காத்துக் கிடந்துதான் பலர் அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வின் துறைமுகத்துக்கு முதல் படகு 1976 ஏப்ரலில் வந்தது. அதில் இருந்தவர்கள் ஐந்தே பேர். இன்று நிலை என்ன? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் வியட்நாமில் பிறந்தவர்கள் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர். வீட்டில் வியட்நாமிய மொழி பேசுகிறவர்களோ சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் பேர். வியட்நாமில் பிறந்தவர்களில் சீன மொழி பேசுகிறவர்களும் உண்டு என்பதால், அந்நாட்டுக்கு வெளியே பிறந்து அந்த மொழியைப் பேசுகிறவர்களின் தொகை இந்த இடைவெளியைவிடவும் பெரிது. கையில் எதுவும் இல்லாமல் வந்த சமூகம் தன் மொழியைப் பிள்ளைகளிடம் சேர்த்திருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

எப்படிச் சேர்த்தார்கள்? முதலில் வீடு. வியட்நாமிய வீட்டின் முன்கூடத்தில் முன்னோர் படங்களோடு ஒரு பீடம் இருக்கும். பழம், பூ, ஊதுபத்தி வைத்திருப்பார்கள். இறந்தவரின் நினைவு நாளில் குடும்பம் முழுவதும் கூடிப் படைத்துச் சாப்பிடும். நம் திதிக்கு நெருங்கிய உறவு இது. பெரியவர் வீட்டுக்குள் வந்தால் சிறுவர்கள் மார்புக்குக் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து, உறவுமுறை சொல்லி வணங்க வேண்டும். டெட் என்ற அவர்களின் புத்தாண்டுக்கு முன், ஒட்டரிசியும் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்து வாழையிலையில் உருட்டிக் கட்டி, மணிக்கணக்கில் வேகவைக்கும் பலகாரத்துக்குப் பெரியவர் கை மட்டும் போதாது. இலை துடைப்பதும் நூல் எடுத்துக் கொடுப்பதும் பிள்ளைகள் வேலை. இங்கே கவனிக்க வேண்டியது பலகாரத்தை அல்ல, பிள்ளைக்குக் கிடைக்கும் பங்கை. மொழி தெரியாமல் அந்தப் பங்கை எடுத்துச் செய்ய முடியாது. வீட்டுக்கு அடுத்து பள்ளி. வார இறுதிச் சமூக மொழிப் பள்ளிகளுக்கு நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு நிதி தருகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் வியட்நாமியத்தைப் பாடமாக எழுதலாம். எஸ்பிஎஸ் என்ற பன்மொழி வானொலி அந்த மொழியில் ஒலிபரப்புகிறது. இந்த மூன்று வசதியும் தமிழுக்கும் உண்டு என்பதை நம் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கச் சான்று வியட்நாமிலேயே இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நகரத்தார் சைகோனில் வட்டித்தொழில் செய்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் அரசு வேலைக்கும் படைக்கும் போனார்கள். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் பென் தான் சந்தைக்கு அருகில் இன்றும் இருக்கிறது. கூட்டத்துக்கும் குறைவில்லை. கருவறைக்குப் பின்னுள்ள கற்சுவரில் நெற்றியைப் பதித்து, வேண்டுதலை முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் வேண்டுகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர், வேண்டும் மொழியும் அவர்களுடையது. அம்மன் இருக்கிறாள், அவளைக் கொண்டுபோனவர்களின் தமிழ் அங்கே இல்லை. புதுச்சேரியில் இதே கதை திசை மாறி நடந்தது. வியட்நாமியப் பெண்களை மணந்த புதுச்சேரிக்காரர்கள், 1954-ல் பிரெஞ்சு ஆட்சி விலகிய காலத்தை ஒட்டிக் குடும்பத்தோடு திரும்பினார்கள். அந்தத் தாய்மார் கொண்டுவந்த, அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கும் பண்டம் புதுச்சேரிச் சமையலில் கலந்து நிலைத்துவிட்டது. அவர்கள் தாலாட்டிய மொழி அப்படி நிலைக்கவில்லை. தெய்வத்தையும் தின்பண்டத்தையும் ஊரே ஏற்றுக்கொள்ளும். மொழியை ஊர் எடுத்து வளர்க்காது. அதற்கு வீடுதான் வேண்டும்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் சொல்வார்கள். தாய்மொழியைப் பிடித்துக்கொண்டால் போன நாட்டோடு ஒட்ட மாட்டார்கள் என்பது முதல் ஆட்சேபம். சிட்னியில் வியட்நாமியர் திரண்டு வாழும் கேப்ரமட்டாவை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். 1990-களில் அங்கே ஹெராயின் வியாபாரமும் இளைஞர் கும்பல்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால் அதற்கு மொழிப்பற்று காரணம் இல்லை. வேலையின்மை, ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கும் பிள்ளைக்கும் விழுந்த இடைவெளி, போதைச் சந்தை ஆகியவை சேர்ந்து செய்த வேலை அது. பெற்றோரோடு பேச மொழி இல்லாத பிள்ளைக்குத்தான் தெரு வீடாகிறது. 1977-ல் படகில் டார்வினுக்கு வந்த ஹியூ வான் லே, 2014 முதல் 2021 வரை தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராக இருந்தார். அகதியாக வந்த டாய் லே, கேப்ரமட்டாவை உள்ளடக்கிய ஃபௌலர் தொகுதியில் 2022-ல் வென்று நாடாளுமன்றம் போனார். ஆஸ்திரேலியக் கொடியின் வடிவமைப்பில் தைத்த வியட்நாமிய ஆவ் யாய் உடையை அணிந்து முதல் உரையை நிகழ்த்தினார். சொந்த மரபும் போன நாட்டின் மீதான பற்றும் ஒருவரிடமே இருக்கலாம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

அவர்கள் திரும்ப முடியாத அகதிகள், அதனால் பற்றிக்கொண்டார்கள். நாம் வருடா வருடம் விமானம் ஏறி ஊருக்கு வருகிறோமே என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் பாதி உண்மை. இழந்தவனுக்குப் பிடிப்பு அதிகம். வெளிநாடுகளில் ஈழத்தமிழர் நடத்தும் தமிழ்ப் பள்ளிகளைப் பார்த்தாலே அது விளங்கும். ஆனால் விடுமுறைக்கு வந்துபோவது ஊரைக் காட்டும், மொழியைக் கற்றுத் தராது. எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் நம் குடும்பங்கள் ஆண்டுகளை நழுவவிடுகின்றன. மூன்றாவது ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன்: இது பிள்ளைகளுக்குச் சுமை. வியட்நாமியப் பிள்ளைகள் பலர் பெற்றோருக்காக மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் மொழிபெயர்த்தே வளர்ந்தார்கள். பெற்றோரின் போர்க்கால அரசியலையும் சேர்த்துச் சுமந்தார்கள். மொழியைக் கொடுக்கும்போது நம் பழைய பகைகளையும் சாதியையும் அதோடு கட்டிக் கொடுக்கக் கூடாது. அவற்றை மறுக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு. தாத்தா பாட்டியோடு பேசத் தெரியாமல் போவது மட்டும் பிள்ளை தானாகத் தேர்ந்துகொண்டது ஆகாது. அது நாம் செய்யத் தவறியது.

ஆகவே, ஊரில் இருக்கும் பெரியவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பேசினால் மெச்சிப் பக்கத்து வீட்டில் சொல்லாதீர்கள். வீடியோ அழைப்பில் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லாதீர்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் அந்தப் பிள்ளையோடு மட்டும் பேசுங்கள். கடலைக்காட்டில் என்ன வேலை நடக்கிறது, யார் வீட்டில் கல்யாணம் என்று சொல்லுங்கள். தப்பும் தவறுமாகப் பேசினால் சிரிக்காதீர்கள். சிரித்தால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாய் திறக்காது. இங்கே இருக்கும் பெற்றோருக்கு: பொங்கல் விழாவுக்குக் கொடுக்கும் நன்கொடையைவிட, சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையைத் தவறாமல் கொண்டுபோய் விடுவது பெரிய காரியம். இந்த வாரமே தொடங்குங்கள்.